ராமாத்தாள் மகள்

சீப்பில் இருந்தது நீள முடி இல்லை. மீனாக்ஷிக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

வெண்பாவுக்கு முடி இடுப்பைத் தாண்டித் தொங்கும். அவள் தலைவாரிப் போட்ட சீப்பில் எப்போதும் முழ நீளத்துக்கு இரண்டு மூன்று இழை சிக்கியிருக்கும். அதை எடுத்து விரலில் சுருட்டிக் குப்பையில் போடுவது வருடக்கணக்காக மீனாக்ஷியின் வேலை. இன்று மதியம் மாடி பாத்ரூமில் அவள் எடுத்த சீப்பின் பற்களுக்கிடையே அப்பியிருந்தவை நகத்தளவு கூட இல்லாத துண்டு முடிகள். ஈரமாக, ஒன்றோடொன்று ஒட்டி, யாரோ தண்ணீர் தெளித்து பிளேடால் வழித்து எடுத்த மாதிரி ஒரே பக்கமாகப் படிந்து கிடந்தன. மூக்கருகே கொண்டுபோனாள். தேங்காய் எண்ணெய் வாடை அடித்தது. வெண்பா தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தி ஐந்து வருடம் ஆகிறது.

ஜெயபிரகாஷின் டிரிம்மராக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கணவனின் டிரிம்மர் கீழ் பாத்ரூமில் இருக்கிறது, அவன் தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வேண்டாத ஒன்றை யோசிக்காமல் தள்ளிவைப்பதில் மீனாக்ஷிக்குப் பன்னிரண்டு வருடப் பழக்கம் இருந்தது. சீப்பைக் குழாயில் காட்டிக் கழுவிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

வேலை நிறைய இருந்தது. ஐந்தரைக்கு ஸ்டுடியோவில் இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் பள்ளி திறப்பதற்கு முன்பே எடுத்துக்கொள்ளும் சீனியர் போர்ட்ரெய்ட். பள்ளியின் ஆண்டுமலரில், இயர்புக்கில், வருகிற படம் அது. பெண்களுக்கெல்லாம் தோள் தெரிய ஒரே மாதிரி கறுப்பு வெல்வெட் துணி, பையன்களுக்கெல்லாம் கோட்டு. அது போக, நம் விருப்பத்துக்கு ஒரு உடை. டெக்சாஸில் இந்த ரவுண்ட் ராக் ஊரின் தமிழ் வீடுகளில், ஹாலில் சாமி படத்துக்கு அடுத்த மரியாதை இந்தப் படத்துக்குத்தான். வீட்டுக்கு வருகிற ஆன்ட்டிகள் பிள்ளை எந்தக் காலேஜ் என்று கேட்பதற்கு முன்னால் அந்தச் சுவரைத்தான் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, "போட்டோல கொஞ்சம் டல்லா இருக்கால்ல?" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் காபியைத் தொட மாட்டார்கள்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மீனாக்ஷி ஒரு வாரமாகத் தூங்கவில்லை. ஸ்டுடியோ அனுப்பிய குறிப்புகளை பிரின்ட் எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தாள். முகத்துக்குப் புது க்ரீம் பூசாதீர்கள். உடையை ஹேங்கரில் கொண்டுவாருங்கள். கடைசி நேரத்தில் முடி வெட்டாதீர்கள்.

வெண்பாவின் கட்டிலில் மாம்பழ நிறப் பட்டுப் பாவாடையையும் அரக்குத் தாவணியையும் விரித்துவைத்துவிட்டு, உடை எடுத்துப்போகும் பையின் ஜிப்பை இழுத்தாள். அடியில் எதுவோ கையில் தட்டுப்பட்டது. சிவப்பு ரிப்பன். ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இரட்டைச் சடை மடித்துக் கட்டுகிற நைலான் ரிப்பன். ஓரம் நைந்திருந்தது. முடிச்சுப் போட்ட இடத்தில் மடிப்பு இன்னும் கலையவில்லை. டெக்சாஸில் பிறந்த பெண்ணுக்கு அவள் ஒருநாளும் அப்படிக் கட்டிவிட்டதில்லை.

"மாம், வேர் இஸ் மை கர்லிங் அயர்ன்?" கீழே சமையலறையிலிருந்து வெண்பா கத்தினாள். கிண்ணத்தில் ஸ்பூன் இடிபடும் சத்தம் கேட்டது. தமிழ் அவளுக்கு நன்றாகப் புரியும். பதில் மட்டும் ஒருநாளும் தமிழில் வராது.

"பாத்ரூம்லதான் கண்ணு வச்சிருக்கேன். சாப்ட்டு மேல வா, நானே போட்டு விடறேன்."

ரிப்பனைக் கைக்குள் பொத்திக்கொண்டு அவள் திரும்பியபோது, சாத்தியிருந்த பாத்ரூம் கதவுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. சர்ரக். கொஞ்சம் நின்று, மறுபடியும், சர்ரக். ஈரத் தோலின்மேல் கத்தி இழுபடும் சத்தம், பிறகு தண்ணீரில் கத்தியை இரண்டு முறை அலசும் சத்தம், பிறகு ஒரு சின்ன மூச்சு, அழுகையை விழுங்கும்போது பிள்ளைகளுக்கு மூக்கு வழியாக வருமே, அந்த மாதிரி ஒரு மூச்சு. கீழே ஸ்பூன் இன்னும் கிண்ணத்தில் இடிபட்டுக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சந்தன வாடை முகத்தில் வந்து மோதியது. அவர்கள் வீட்டுச் சாமி அலமாரி கீழே பேன்ட்ரியில் இருக்கிறது. அங்கே டப்பாவில் இருக்கும் சந்தனப் பொடி காய்ந்து கட்டியாகிவிட்டது. இது குழைத்த சந்தனம். தலையில் அப்பியவுடன் வருகிற வாடை. மீனாக்ஷிக்கு அந்த வாடை எங்கேயிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. தெரிந்ததும் காது இரண்டும் சூடாகி, முகம் எரிந்தது. பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வெட்கம்.

ரிப்பனைக் குப்பைக் கூடையில் போட்டு, மேலே டிஷ்யூவைக் கசக்கிப் போட்டு மூடினாள். ஃபேனைத் தட்டினாள்.

வெண்பா வந்து கண்ணாடி முன் ஸ்டூலில் உட்கார்ந்து போனை எடுத்துக்கொண்டாள். மீனாக்ஷி மகளின் முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்தாள். ஒரு கற்றையை எடுத்து, சூடான கம்பியில் சுற்றி, எட்டு எண்ணி, விட வேண்டும். எடுத்து, சுற்றி, எட்டு எண்ணி. கனமான முடி. பார்க்கிறவர்கள் எல்லாரும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிற முடி. மகளின் வகிட்டைப் பார்த்தபடியே நின்றதில், பன்னிரண்டு வருடமாகத் தள்ளிவைத்தது எல்லாம் வரிசையாக வந்து நின்றது.

வெண்பா முப்பது வாரத்தில் பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்த பிள்ளையைப் பார்த்து, பிழைத்தால் ஐந்து வயதில் முழு முடியும் தருகிறேன் என்று மீனாக்ஷி குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தது. ஐந்து வயதும் ஆனது. தாராபுரத்துக்குப் போக டிக்கெட் போட்ட சமயத்தில்தான் இங்கே பழக்கமான தனபாக்கியம் ஒரு பார்ட்டியில் ஒரு கதையைச் சொன்னாள். அவள் பெண்ணுக்குப் பழனியில் மொட்டை போட்டுக் கூட்டிவந்தார்களாம். கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, பிள்ளைக்குக் கேன்சர் என்று நினைத்து, இவளைக் கட்டிப்பிடித்து அழுது ஜெபமே செய்துவிட்டாளாம். எல்லாரும் சிரித்தார்கள். மீனாக்ஷியும் சிரித்தாள். ஆனால் செப்டம்பரில் கிண்டர்கார்டன் பிக்சர் டே. இருபது பிள்ளைகள் நடுவில் தன் பிள்ளை மட்டும் மொட்டைத் தலையோடு, எல்லாரும் பாவப்பட்டுப் பார்க்கிற படம் ஒன்று வாழ்நாள் முழுக்க இருக்கப்போகிறது. அந்த நினைப்பே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

கோவிலில் பூமுடி மட்டும் கொடுக்கிறேன், மூன்று கற்றை வெட்டிக்கொள்ளுங்கள் என்று போனில் கேட்டுப் பார்த்தாள். பூசாரி ஒத்துக்கொள்ளவில்லை. முழுசும்னு சொன்னா முழுசும்தானுங் என்றார்.

அப்பா வீட்டுத் தோப்பில் வேலைக்கு வந்துகொண்டிருந்தவள் ராமாத்தாள். அவளுக்கு வெண்பா வயதில் ஒரு பெண் இருந்தது. எண்ணெய் வழிய வாரி, இரட்டைச் சடை மடித்து, சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கும். கோவிலுக்குக் கிளம்பிய அன்று, வெண்பாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று மீனாக்ஷி அந்தப் பிள்ளையையும் காரில் ஏற்றிக்கொண்டாள். வெண்பா ஏசியில் தூங்கிப்போனாள். அவளை டிரைவரோடு காரிலேயே விட்டுவிட்டு, வெண்பாவின் ரோஸ் ஃப்ராக்கை அந்தப் பிள்ளைக்கு மாட்டி, கையைப் பிடித்துக் கோவிலுக்குள் கூட்டிப்போனாள்.

முடி எடுக்கிறவர் பிள்ளையை மணையில் உட்காரவைத்து, கழுத்தைச் சுற்றிக் கறுப்புத் துணி போர்த்தி, தலையில் தண்ணீர் தெளித்தார். "பேரு என்ன கண்ணு?" என்று பூசாரி குனிந்து கேட்டார். பிள்ளை சொல்ல வாயைத் திறந்தது.

"வெண்பா," என்றாள் மீனாக்ஷி, முந்திக்கொண்டு.

பிள்ளை வாயை மூடிக்கொண்டது. அவளையே பார்த்தது. அப்புறம் தலை வழித்து முடிகிற வரை, சடையிலிருந்து அவிழ்த்த ரிப்பனைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி, அவளைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தது. கத்தி ஓர் இடத்தில் பட்டு ரத்தம் வந்தது. அதன்மேல் சந்தனத்தை அப்பினார்கள். "இனி வெண்பா ஆத்தாளோட புள்ள. என்னைக்கும் அவ பாத்துக்குவா," என்றார் பூசாரி.

ராமாத்தாளிடம், தலை முழுக்கப் பேன், வெண்பாவுக்குத் தொற்றிவிடும் என்று முடியை எடுத்துவிட்டேன் என்று மீனாக்ஷி சொன்னாள். "மன்னிச்சுக்குங்க அம்மிணி, நான்தான் பாக்காம உட்டுட்டேன்," என்று சொல்லிவிட்டு ராமாத்தாள் தலை குனிந்து நின்றாள். வெட்கப்பட வேண்டியது மீனாக்ஷி. வெட்கப்பட்டது ராமாத்தாள்.

அமெரிக்கா திரும்பிய மூன்றாவது வாரம் அம்மா போனில் வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே சொன்னாள். "அந்த ராமாத்தா புள்ள போயிருச்சு கண்ணு. தலையில புண்ணு சீழ் புடிச்சுக் காச்சல்ங்கறாங்க. பாவம், துறுதுறுன்னு இருக்கும்." மீனாக்ஷி அப்படியா என்றாள். அடுத்த நாள் பிக்சர் டே. வெண்பா இரண்டு குடுமியோடு சிரித்துக்கொண்டிருக்கும் அந்தப் படம் கீழே மாடிப்படிச் சுவரில் இன்னும் இருக்கிறது.

ஜெயபிரகாஷிடம் பூமுடி கொடுத்ததாகச் சொல்லியிருந்தாள். வேறு யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

"மாம்! யூ ஆர் பர்னிங் இட்!"

கம்பியில் சுற்றிய கற்றையிலிருந்து புகை வந்தது. எத்தனை எட்டு எண்ணினாளோ. "சாரி கண்ணு, சாரி," என்று உதறி எடுத்தாள். நல்லவேளையாக நுனி மட்டும்தான் கருகியிருந்தது.

எந்தக் கோணம் நன்றாக இருக்கிறது என்று பார்க்க வெண்பா தன் போனைக் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னாள். எடுத்தாள். திரையில் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு மேலே இருந்த பல்பின் வெளிச்சம் பட்டு உச்சந்தலை மட்டும் வெளுத்துப் பளபளத்தது. மீனாக்ஷி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். வெளிச்சம் இல்லை அது. தோல். அதில் காதுக்கு மேலே ஒரு மெல்லிய சிவப்புக் கோடு.

"லெட் மீ சீ," என்று வெண்பா கையை நீட்டினாள். அவள் பார்ப்பதற்குள் மீனாக்ஷி அதை அழித்துவிட்டாள். "ஆடிருச்சு," என்றாள்.

மகள் உடை எடுத்துவைக்கப் போனதும், படுக்கையில் உட்கார்ந்து ஊரிலிருக்கும் அண்ணனுக்கு வாட்ஸ்ஆப்பில் டைப் செய்தாள். "அண்ணா, ராமாத்தா புள்ள பேரு என்ன?" விரல் அனுப்பும் குறியின்மேல் நின்றது. பெயர் தெரிந்தால் மனதுக்குள்ளாவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் அண்ணன் ஏன் என்று கேட்பான். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? அந்த வீட்டில் எல்லாருக்கும் அவள் ராமாத்தா புள்ள. மீனாக்ஷி அவளைத் தொட்டுத் தூக்கிக் காரில் ஏற்றியிருக்கிறாள், அவளுக்கு உடை மாட்டியிருக்கிறாள், தலை வழிக்கும்போது தோளை அழுத்திப் பிடித்திருக்கிறாள். பெயர் கேட்கவில்லை. அதை இப்போது ஒரு மனிதனிடம் ஒத்துக்கொள்வது எப்படி? எழுதியதை ஒவ்வோர் எழுத்தாக அழித்துவிட்டுப் போனைக் கவிழ்த்தாள்.

நாலே முக்காலுக்குக் கிளம்பினார்கள். வெளியே நூற்றிரண்டு டிகிரி. ஃப்ரீவே முழுக்க வெயிலில் கண் கூசியது. வெண்பா முன் சீட்டில் பாட்டுக் கேட்டபடி வந்தாள். ரியர்வியூ கண்ணாடியைச் சரிசெய்யக் கை தூக்கிய மீனாக்ஷி, பின் சீட்டைப் பார்க்காமலேயே கையை இறக்கிக்கொண்டாள். பின்னால் யாரும் இல்லை. யாரும் இல்லைதான். ஆனால் பின் சீட்டின் பெல்ட் போடவில்லை என்று கார் மணியடித்துக்கொண்டே வந்தது.

"பின்னாடி உன் பேக் வெயிட்டா இருக்கு போல," என்றாள்.

"மை பேக் இஸ் ரைட் ஹியர், மாம்." வெண்பாவின் காலடியில் இருந்தது பை.

திரும்பி வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. போனால் காரணம் சொல்ல வேண்டும். தேதி மாற்ற முடியாது, இதுதான் கடைசி வாரம், தவறினால் இயர்புக்கில் பெயர் மட்டும் இருக்கும், படம் இருக்காது. மகள் தன்னை எப்படிப் பார்ப்பாள்? ஓட்டிக்கொண்டே போனாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எதற்காகப் பயந்தாளோ இப்போதும் அதற்காகத்தான் பயந்தாள்.

ஸ்டுடியோ ஒரு டோனட் கடைக்கும் நெயில் சலூனுக்கும் நடுவே இருந்தது. உள்ளே ஏசி குளிர். சாம்பல் நிறப் பின்திரை, ஒரு ஸ்டூல், இரண்டு பெரிய குடை விளக்குகள். மூலையில் உடை மாற்ற ஒரு திரைச்சீலை. அது தரையைத் தொடாமல் ஒரு ஜாண் மேலே நின்றது. படம் எடுக்கிற பெண் நல்ல கலகலப்பு. வெண்பாவைப் பார்த்ததும், "ஓ மை காட், தட் ஹேர்!" என்று நெஞ்சில் கை வைத்தாள். மீனாக்ஷிக்கு எட்டு அடி தள்ளி ஒரு நாற்காலி போட்டு, எதிரே மானிட்டரைத் திருப்பிவைத்தாள். எடுக்க எடுக்கப் படங்கள் அதில் வந்து விழும்.

முதலில் பாவாடை தாவணி. சுருள் முடியை முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்த மகளைப் பார்த்து, ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், மீனாக்ஷிக்கு எல்லாம் மறந்து பெருமையாக இருந்தது.

ஃப்ளாஷ். மானிட்டரில் வெண்பா. அழகாக இருந்தாள்.

ஃப்ளாஷ். வெண்பா. வகிடு கொஞ்சம் அகலமாகத் தெரிந்தது.

ஃப்ளாஷ். வகிடு இரண்டு விரல் அகலம்.

மீனாக்ஷி நிமிர்ந்து ஸ்டூலைப் பார்த்தாள். முடி அங்கேயே இருந்தது, மடியில் புரண்டது. மானிட்டரைப் பார்த்தாள். நெற்றி மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. படம் எடுக்கிறவளும் அதே மானிட்டரைப் பார்த்தாள். "பெர்ஃபெக்ட்," என்றாள்.

ஃப்ளாஷ். ஒரு பக்கம் முழுக்க வழித்திருந்தது.

மீனாக்ஷி கண்ணை மூடிக்கொண்டாள். இங்கே எழுந்து கத்தினால் இந்தப் பெண் என்ன நினைப்பாள் என்று தோன்றியது. அந்த நிலையிலும் அதுதான் தோன்றியது. உட்கார்ந்தே இருந்தாள்.

அடுத்து கறுப்பு வெல்வெட். அதைக் கையில் கொடுத்து, தோளைச் சுற்றிப் போர்த்திப் பின்னால் கொக்கி மாட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு, படிவம் எடுத்துவர அந்தப் பெண் முன்னறைக்குப் போனாள். வெண்பா திரைக்குப் பின்னால் மறைந்தாள். துணி சரசரத்தது.

"மாம், கேன் யூ ஹெல்ப் மீ வித் திஸ்?"

மீனாக்ஷி எழுந்தாள். எழுந்து நிற்பதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து மறுபடியும் குரல் வந்தது. கூச்சத்தோடு சிரித்தது.

"மாம், யுவர் ஹேண்ட்ஸ் ஆர் ஃப்ரீசிங்!"

மீனாக்ஷியின் இரண்டு கைகளும் நாற்காலியின் பிடியில் இருந்தன.

திரைக்குக் கீழே மகளின் பாதங்கள் தெரிந்தன. சிவப்பு நெயில் பாலிஷ். அவற்றுக்குப் பின்னால், ஒட்டினாற்போல, இன்னும் இரண்டு பாதங்கள். அதே அளவு. புழுதி படிந்து, கணுக்காலில் கறுப்புக் கயிறு கட்டிய பாதங்கள்.

சந்தன வாடை.

சர்ரக்.

"மாம்?" வெண்பாவின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

சர்ரக். சர்ரக். திரைக்குக் கீழே ஒரு கற்றை விழுந்தது. சுருள் சுருளாக. எட்டு எண்ணிச் சுருட்டியது. இன்னொன்று விழுந்தது. மீனாக்ஷிக்குக் கால் நகரவில்லை. வாய் திறந்தது, கூப்பிட ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

"வெண்பா!"

இரண்டு பதில் வந்தது.

"மாம்," என்றது ஒன்று. எங்கோ தள்ளி, கதவு கதவாகச் சாத்திய வீட்டின் உள்ளறையிலிருந்து.

"வந்துட்டனுங்," என்றது இன்னொன்று. கிட்டத்திலிருந்து.

திரை விலகியது. கறுப்பு வெல்வெட்டைத் தோளோடு போர்த்திக்கொண்டு அவள் வந்தாள். பதினேழு வயது. வெண்பாவின் உயரம். மழித்த தலை முழுக்க ஈரச் சந்தனம். காதுக்கு மேலே சந்தனத்தைப் பிளந்துகொண்டு ஒரு சிவப்புக் கோடு, அதிலிருந்து மெதுவாக இறங்கும் ஒரு சொட்டு. ஒரு கையில் சிவப்பு ரிப்பனை இறுக்கிப் பிடித்திருந்தாள். யாரும் சொல்லாமலேயே போய் ஸ்டூலில் உட்கார்ந்து, நிமிர்ந்து, மீனாக்ஷியைப் பார்த்தாள். அந்தப் பார்வை வளரவே இல்லை. அது ஐந்து வயதில் நின்றிருந்தது.

படம் எடுக்கிறவள் படிவத்தோடு வந்தாள். ஸ்டூலைப் பார்த்து முகம் மலர்ந்தாள். "லுக் அட் யூ!" பேனாவைத் திறந்தாள். இயர்புக்கில் எப்படி அச்சாக வேண்டுமோ அப்படியே பெயரைச் சொல்லச் சொன்னாள், தப்பாகிவிடக் கூடாது பார் என்றாள்.

ஸ்டூலில் இருந்தவள் சொல்ல வாயைத் திறந்தாள்.

மூடிக்கொண்டாள். மீனாக்ஷியைப் பார்த்தாள். காத்திருந்தாள்.

திரைக்குப் பின்னாலிருந்து, "மாம்? மாம், ஐ கான்ட் சீ எனிதிங்," என்றது வெண்பாவின் குரல். படம் எடுக்கிறவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு பெயர். அவளுடைய சொந்தப் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். அவளுக்கு வேண்டியது அதுதான் என்று மீனாக்ஷிக்குத் தெளிவாகத் தெரிந்தது. தேடினாள். ராமாத்தா புள்ள. அந்தப் புள்ள. ஏ புள்ள, இங்க வா. தோப்பில், கிணற்றடியில், காரில், கோவிலில், எங்கே தேடியும் அவ்வளவுதான் இருந்தது. தெரியாது என்று சொல்லலாம். இவள் என் பெண் இல்லை, நான் ஒரு பிள்ளைக்குப் பாவம் செய்துவிட்டேன் என்று சொல்லலாம். படம் எடுக்கிறவள் புருவத்தை உயர்த்தி, மரியாதையாகச் சிரித்தபடி காத்திருந்தாள். தன் பெண்ணின் பெயரைச் சொல்லத் திணறுகிற அம்மாவைப் பார்க்கிற சிரிப்பு. மீனாக்ஷியின் முகம் காது வரை எரிந்தது.

"வெண்பா," என்றாள்.

"குட் யூ ஸ்பெல் தட் ஃபார் மீ?"

எத்தனையோ ஆஸ்பத்திரியில், பள்ளியில், டென்டிஸ்டிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய எழுத்துகள். நாக்கு தானாகவே சொன்னது.

"வி."

"மாம்!"

"ஈ."

"மாம், ப்ளீஸ்..."

"என்."

"மா..."

"பி."

திரைக்குப் பின்னால் ஒரு சின்ன மூச்சு. மூக்கு வழியாக.

"ஏ."

அப்புறம் அங்கே ஒன்றும் இல்லை.

"பியூட்டிஃபுல் நேம்," என்று எழுதி முடித்துவிட்டு அந்தப் பெண் கேமராவைத் தூக்கினாள். ஸ்டூலில் இருந்தவள் வெல்வெட்டைச் சரிசெய்துகொண்டாள். ரிப்பனை மடியில் வைத்தாள்.

"சிரிக்கட்டுங்களாம்மா?" என்று கேட்டாள், ஊர்த் தமிழில்.

ஃப்ளாஷ். மானிட்டரில் படம் வந்து நின்றது. திரைக்குக் கீழே தரையில் இடுப்பைத் தாண்டித் தொங்கிய அந்த முடி சுருள் கலையாமல் குவிந்து கிடந்தது. மீனாக்ஷி குனிந்து அதைத் தொட்டாள். கர்லிங் அயர்னின் சூடு அதில் இன்னும் இருந்தது.